இரண்டு ஊழித் திகில் படங்கள்: எதைத் தேர்வது?

சனிக்கிழமை இரவுக்கு 'இட் கம்ஸ் அட் நைட்' (2017), 'எ கொயட் பிளேஸ்' (2018) ஆகிய இரண்டில் எது ஏற்றது என்று சிங்கப்பூரின் ஈசூன் வட்டார நண்பர்கள் கேட்டார்கள். இரண்டிலும், உலகம் சிதைந்தபின் ஒரு குடும்பம் ஒளிந்து வாழ்கிறது.

விமர்சகர்கள்: இரண்டையும் பெரிதும் பாராட்டினார்கள்.
பார்வையாளர்கள்: அமெரிக்கத் திரையரங்குகளில் கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் முன்னதற்கு 'டி' என்ற மோசமான தரம், பின்னதற்கு 'பி பிளஸ்' என்ற நல்ல தரம்.

முன்னதன் தலைப்பும் முன்னோட்டமும் இரவில் வரும் ஏதோ ஓர் உருவத்தை எதிர்பார்க்க வைத்தன. படமோ, நோய்த்தொற்று அச்சத்தில் மனிதரை மனிதர் சந்தேகிப்பதையே காட்டி, எதையும் விளக்காமல் முடிந்தது. விமர்சகர்கள் துணிச்சலாகக் கண்டதைச் சீட்டு வாங்கியவர்கள் ஏமாற்றமாகக் கொண்டார்கள். என் குறை விளம்பரத்தின் மீதுதான். பின்னது, சத்தத்தைக் கேட்டு வேட்டையாடும் உயிரினங்களைக் காட்டுவதாக வாக்களித்து, அதையே காட்டியது. உலகளவில் 34 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

நீளம்: இரண்டும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

பதின்ம வயதுப் பிள்ளைகளோடு கூடிப் பார்ப்பவர்களுக்கு 'எ கொயட் பிளேஸ்' பொருந்தும். விடை கிடைக்காத முடிவைத் தாங்கக்கூடியவர்கள் மற்றதைத் தனியாகப் பார்க்கலாம். ஆனால் 'எ கொயட் பிளேஸ்' படத்துக்கு அமைதி தேவை என்பதால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீட்டுக் கராவோக்கே ஓயும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.