நீளத்துக்கு ஏற்ற கெயின்: பாலிக் பூலாவ் தோட்டத்தில் ஓர் ஆன்டெனா

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வானொலிக் கருவிகள் விற்கும் ஒரு சிறிய கடையில் 185 மலேசிய வெள்ளிக்கு வாங்கிய இந்தக் கண்ணாடியிழை ஆன்டெனாவை, பாலிக் பூலாவ் மலைச்சரிவில் உள்ள உறவினரின் டுரியான் தோட்டத்தில் லோரா (குறைந்த மின்சக்தியில் தொலைவுக்குத் தகவல் அனுப்பும் வானொலி முறை) கேட்வேக்காகப் பொருத்தியிருக்கிறோம். மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார்கள் 923 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்பும் தகவலைப் பெற்று இணையத்தில் சேர்ப்பதே அந்தக் கேட்வேயின் வேலை. ஆன்டெனாவின் நீளம் 60 சென்டிமீட்டர்; பெட்டியில் அச்சிட்டுள்ள கெயின், அதாவது அலைகளைக் குறிப்பிட்ட திசையில் குவிக்கும் திறன், 5 டிபிஐ (எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு).

இந்த எண் நம்பும்படியாக இருந்ததால்தான் வாங்கினேன். இணையக் கடைகளில் 40 சென்டிமீட்டர் குச்சிகளை 12 டிபிஐ என்று கூசாமல் விற்கிறார்கள். 923 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலைநீளம் சுமார் 32.5 சென்டிமீட்டர். மிக எளிய அடிப்படை ஆன்டெனாவான அரை அலைநீள டைபோல் 2.15 டிபிஐ தரும். அத்தகைய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்யும் கொலினியர் ஆன்டெனாவில், நீளத்தை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 3 டெசிபல்தான் கூடும். அந்தக் கணக்கில் 40 சென்டிமீட்டருக்கு 6 டிபிஐயைத் தாண்டவே வழியில்லை. 12 டிபிஐ வேண்டுமென்றால் நடைமுறையில் இரண்டரை மீட்டர் அளவுக்கு நீளம் தேவை. கையடக்கமாகவும் இருக்க வேண்டும், எல்லாத் திசையிலும் வீச வேண்டும், கெயினும் அதிகம் வேண்டும் என்று மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் இயற்பியல் இடம் கொடுக்காது.

கெயின் கூடினால் சக்தி கூடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. ரொட்டி சானாய் மாவை அகலமாக வீச வீச அது மெலிந்துகொண்டே போவதுபோல, அலைவீச்சும் பக்கவாட்டில் தொலைவாகப் போகும் அளவுக்கு மேலும் கீழும் மெலிகிறது. ஒரு மீட்டர் நீள 8 டிபிஐ ஆன்டெனாவின் செங்குத்து வீச்சு ஏறத்தாழ 16 பாகைதான். இதற்கோ 27 பாகைக்கு மேல் கிடைக்கிறது. வீட்டுக் கூரையிலிருந்து பார்த்தால் கீழ்ச்சரிவு மரங்கள் அடிவானத்துக்கு வெகு கீழே இருக்கும் இந்தத் தோட்டத்தில் அந்த வேறுபாடுதான் முக்கியம். இரவல் வாங்கிச் சோதித்த 8 டிபிஐ ஆன்டெனாவில் பள்ளத்துச் சென்சார்கள் அடிக்கடி தவறின. இதில் அவை ஒழுங்காகப் பதிவாகின்றன.

ஆன்டெனாவைச் சோதிக்கும் நானோவிஎன்ஏ கருவியால் திறந்த வெளியில் அளந்தபோது, ‘நின்ற அலை விகிதம்’ (அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்; 1க்கு அருகில் இருப்பதே நல்லது) 1.3 ஆக இருந்தது. துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பத்தை ஒட்டிக் கட்டியதும் அது 1.9க்கு ஏறியது. கம்பத்தின் உச்சிக்கு மேலே குச்சி முழுவதும் நிற்கும்படி மாற்றியதும் பழைய நிலைக்குத் திரும்பியது. பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வீச்சு வரைபடமும் இல்லை.

உடன் வரும் ஐந்து மீட்டர் ஆர்ஜி-58 கேபிளைப் பயன்படுத்த வேண்டாம். இந்த அலைவரிசையில் அது மீட்டருக்கு அரை டெசிபல் அளவுக்கு விழுங்குவதால், நீளத்தால் சம்பாதித்ததில் பெரும்பகுதி கேபிளிலேயே போய்விடும். எல்எம்ஆர்-400 வகையில் அதே தூரத்துக்கு முக்கால் டெசிபல்கூட இழப்பில்லை. ஆனால் தடிமனானது, வளைக்கச் சிரமம், விலையும் அதிகம். என்-வகை இணைப்பின் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றாமல் விட்டால் பினாங்கு மழை உள்ளே இறங்கிவிடும். இடிதாங்கும் அரெஸ்டரைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

மிகப் பெரிய குறை கட்டும் யு-போல்ட்டுகள். கடற்காற்றில் சில மாதங்களிலேயே செந்துரு பிடித்துவிட்டதால் துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டுகளாக மாற்றினோம். இவ்வளவு விலைக்கு அவற்றைத் தயாரிப்பாளரே கொடுத்திருக்கலாம். செபெராங் பிறை வயல்கள் போன்ற சமவெளியில் தொலைதூரச் சென்சார்களை எட்ட வேண்டியவர்கள் இதை விட்டு ஒரு மீட்டர் 8 டிபிஐ வகையை வாங்கலாம். மேடுபள்ளமான தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதுவே போதும், கேபிளுக்கும் போல்ட்டுக்கும் தனியாகப் பணம் ஒதுக்கிக்கொண்டால்.