மடக்கு தூண்டில் செட்: பாலாத்துல இடி மழைல மாட்டினதுக்கு அப்புறம் எழுதுற ரிவ்யூ

12 அடி கார்பன் ராடு, கூட தூண்டி நூல் சுத்துற 3000 சைஸ் ரீல், ரெண்டும் சேத்து 1,850 ரூபா, வேலூர்ல ஒரு கடைல ஏப்ரல் மாசம் வாங்கினேன். இதே மாதிரி ராடு பத்து பேர்ல வருது, அதனால பேர் போடல. ராடு நல்லாதான் இருக்கு, ஆனா வாங்குற யாருக்கும் ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும், அதுக்குதான் உக்காந்து டைப் பண்றேன்.

பாலாத்துல கோடைல ஏதுப்பா தண்ணின்னு கேப்பீங்க, நியாயம்தான். 2021 நவம்பர்ல ரெண்டு கரையும் தொட்டு ஓடின ஆறா இதுன்னு நமக்கே சந்தேகம் வரும், அந்த அளவுக்கு வெறும் மணல். ஆனா வாலாஜா அணைக்கட்டு தாண்டி பள்ளத்துல குட்டை குட்டையா தண்ணி நின்னா அதுல ஜிலேபி மீன் நல்லா மாட்டும், எப்பவாச்சும் கெளுத்தி. ஏரின்னா மீன் குத்தகைக்கு போயிருக்கும், கேக்காம தூண்டி போட்டா சண்டைதான், அதனால நமக்கு ஆறு.

கத்திரி நடந்துகினு இருந்த ஒரு ஞாயித்துக்கிழம, நானு, என் மச்சான், ஆறாவது படிக்கிற என் பையன், மூணு மணிக்கு போயிட்டோம். மூங்கில் கம்புல கரையோரமாதான் தக்கை விழும், இதுல வீசினா நடு குட்டைக்கே போகுது, வெயிட்டும் கம்மி, பையனே ஒரு மணி நேரம் கை வலிக்காம புடிச்சான். புடி ஃபோம்ல இருக்கு, ஈரக் கைல வழுக்கல. ரீலோட வந்த நரம்பு, அதான் தூண்டி நூல், அது மட்டும் மோசம், சுருட்டிகினு முடிச்சு விழுது, கழட்டிட்டு 0.30 மில்லிமீட்டர் நைலான் சுத்தினேன். செட்ல இருக்குற முள்ளும் பெருசு, ஜிலேபிக்கு வாய் சின்னது, சின்ன முள்ளு தனியா வாங்கிக்கணும். மண்புழு போட்டு நாலு மணிக்குள்ள ஏழு ஜிலேபி.

நாலரை இருக்கும், காத்து அப்படியே நின்னு போச்சு, ஒரே புழுக்கம். மாடு ஓட்டிகினு வந்த பெரியவர் நின்னு, "இன்னாப்பா, மலப்பக்கம் மோடம் கருத்துகினு வர்து, புள்ளைய வச்சிகினு ஆத்துல நிக்கிறீங்களே, கெளம்புங்கப்பா"ன்னு சொன்னாரு. ஜவ்வாது மலை பக்கம் பாத்தேன், கருப்பாதான் இருந்துது. மச்சான் "இன்னும் ரெண்டே ரெண்டு மாமா"ன்னான், நானும் சரின்னுட்டேன். அங்கதான் தப்பு பண்ணேன்.

பத்து நிமிஷத்துல புழுதிக் காத்து, கண்ணுல மூக்குல எல்லாம் மணல். மொத மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எண்ணி பாத்தேன், ஒம்போது செகண்ட், சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூணு செகண்ட் ஆவும், அப்போ மூணு கிலோமீட்டர். மின்னலுக்கும் இடிக்கும் 30 செகண்டுக்கு கீழ இருந்தாலே நீங்க ஆபத்தான தூரத்துல இருக்கீங்கன்னு அர்த்தம். ராடை மடக்கலாம்னா மடங்கல, ஜாயிண்ட் எல்லாம் பொடி மணல் ஏறி இறுகிகிச்சு. அடுத்த மின்னல், அஞ்சு எண்றதுக்குள்ள இடி. திரும்பி பாத்தா பையன் இன்னொரு ராடை, நான் மொதல்ல வச்சிருந்த பழசு, அதுவும் கார்பன்தான், நட்டுக்க தூக்கி புடிச்சிகினு நிக்கிறான், "அப்பா, மீன் மாட்டிருக்குப்பா!"ங்கறான். சுத்தி வெறும் மணல், அதுல அவன் கைல இருக்குறதுதான் உசரம்.

கார்பன்ல கரண்ட் பாயும். நல்ல கார்பன் ராடுல மின்னல் படம் போட்டு ஸ்டிக்கர் ஒட்டிருப்பாங்க, இடி நேரத்துல வேணாம், கரண்டு கம்பி கிட்ட வேணாம்னு. நான் வாங்கின செட்ல ஸ்டிக்கரும் இல்ல, பெட்டில ஒரு வரியும் இல்ல, கடைக்காரரும் வாய தொறக்கல. எனக்கு அதுதான் ஆறவே மாட்டேங்குது.

போட்றா கீழன்னு கத்திட்டு கைய புடிச்சு இழுத்துகினு ஓடினேன். மச்சான் புளியமரத்துக்கு ஓடுறான், மரத்தடில நிக்காதடான்னு அவனையும் கூப்டு கார்ல ஏத்தி கண்ணாடி ஏத்திட்டோம். கூரையில கல்லு கொட்ற மாதிரி மழை. பையன் என் சட்டையவே புடிச்சிகினு இருந்தான், பேசவே இல்ல. கடைசி இடிக்கு அப்புறமும் அரை மணி நேரம் கழிச்சிதான் கதவ தொறந்தேன், அப்படித்தான் செய்யணும். மீன் வாளி போயிடுச்சு, ராடு ரெண்டும் சேத்துல கெடந்துது.

வீட்டுக்கு வந்து அடி மூடிய திருகி எடுத்து ஒவ்வொரு துண்டா உருவி கழுவி நிழல்ல காய வச்சேன், ஒண்ணும் ஒடையல. ரீல்ல மணல் போய் கரகரன்னுது, கிரீஸ் போட்டும் லேசா சத்தம் இருக்கு. ஜாயிண்ட் இறுகினா நேரா அமுக்காதீங்க, ஒடைஞ்சிடும், ரெண்டு பக்கமும் புடிச்சு மெதுவா திருகி இறக்கணும், மணல்ல படுக்க வைக்காம ஒரு கவட்டை நட்டு அது மேல சாய்ச்சு வச்சா இந்த தொல்லையே இல்ல.

ராடுக்கு 5க்கு 4 குடுப்பேன், ரீலுக்கு 3. எச்சரிக்கை ஒண்ணுமே போடாததுக்கு மொத்தத்துல ஒண்ணு கொறைக்கிறேன். போன்ல தாமினி ஆப் போட்டுக்கோங்க, புனேல இருக்குற ஐஐடிஎம்னு வானிலை ஆராய்ச்சி நிலையத்தோடது, காசில்ல, பக்கத்துல மின்னல் வந்தா சொல்லும். ஏப்ரல் மே சாயங்காலம் நம்ம பக்கம் இடி எப்போ வேணா வரும்.

அடுத்த வாரம் காலைல ஆறு மணிக்கே போயி ஒம்போதுக்கு ஏறிட்டோம். அந்த பெரியவருக்கு நாலு ஜிலேபி குடுத்தேன். வாங்கறதுக்கு முன்னாடி, "புள்ள நல்லா கீறானா?"ன்னு கேட்டாரு.