சண்டே ஸ்கூலில் வீடியோ பாடம்: சில வருஷங்களுக்குப் பிறகு

எங்கள் சபையின் சண்டே ஸ்கூலில் வீடியோ வைத்து வேதாகமக் கதைகள் நடத்தத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகின்றன. ஆரம்பத்து உற்சாகம் அடங்கிவிட்டது. "டிவி போட்டு உட்கார வைப்பதெல்லாம் ஊழியமா?" என்று கேட்டவர்களும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். இப்போது நிதானமாக எழுதலாம் என்று தோன்றுகிறது. வீடியோவை நான் விடப்போவதில்லை. ஆனால் ஒரு வகுப்பில் பத்து நிமிஷத்துக்கு மேல் அதற்கு இடம் கொடுப்பதும் இல்லை.

வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாத இடங்களில் அது பெரிய உதவி. ஆசரிப்புக் கூடாரத்தின் (இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதனைக்கு வைத்திருந்த கூடாரம்) பிராகாரம், அதாவது வெளிமுற்றம், 100 முழ நீளம், 50 முழ அகலம் என்று யாத்திராகமத்திலிருந்து வாசித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். திரையில் அதைச் சுற்றிவரக் காட்டினால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்தது. நடக்க முடியாத திமிர்வாதக்காரனை இயேசுவிடம் கொண்டுபோக, கூரையைப் பிரித்து இறக்கிய கதையும் அப்படித்தான். 'கூரைமேல் எப்படி ஏறினார்கள், அவனை எப்படித் தூக்கிக்கொண்டு போனார்கள்?' என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். தட்டையான கூரையையும் வெளிப்பக்கப் படிக்கட்டையும் பார்த்ததும் அந்தக் கேள்வி நின்றுபோகும்.

சிக்கலும் இதே இடத்தில்தான் இருக்கிறது. பிள்ளை பார்த்த படம் மனதில் ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் கிளப்புவது லேசில்லை. சிங்கக் கெபியில், அதாவது சிங்கக் குகையில், இருக்கும் தானியேலை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த கார்ட்டூன்களில் பெரும்பாலும் அவர் கட்டுமஸ்தான வாலிபர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அவர் சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போனது கிமு 605 வாக்கில், பாபிலோன் விழுந்தது கிமு 539-ல், கெபிச் சம்பவம் அதற்கும் பிறகு, தரியு ராஜாவின் ஆட்சியில். எண்பது வயதை ஒட்டிய தாத்தா அவர்! வாலிபனின் துணிச்சலும், ஆயுசு முழுக்க ஜெபித்துப் பழகிய முதியவர், ஜெபத்துக்கு ராஜா தடை போட்ட பிறகும் வழக்கம்போல ஜன்னல் பக்கம் முழங்கால் போடுவதும் ஒன்றா என்ன? கதையின் கனமே மாறிவிடுகிறது.

இதற்காக வீடியோவைத் தூக்கிப் போடவும் வேண்டாம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே விளையாட்டாக்கிவிட்டோம். வீடியோ முடிந்ததும் வேதத்தைத் திறந்து, திரையில் வந்தது எது வசனத்தில் இல்லை என்று தேட வேண்டும். கிறிஸ்துமஸ் பாடத்தில் இது களைகட்டும். குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு 2-ல் எங்கேயும் இல்லை, அவர்கள் வந்து சேர்ந்ததும் மாட்டுத் தொழுவத்துக்கு இல்லை, வீட்டுக்கு என்று கண்டுபிடித்தவுடன் பிள்ளைகளுக்கு வரும் பெருமிதம் இருக்கிறதே! பரிசுக்காகக்கூட இவ்வளவு ஆர்வமாக வேதத்தைப் புரட்டி நான் பார்த்ததில்லை.

அடுத்து, நிறுத்தி நிறுத்திக் காட்டுவது. இதைத்தான் புதிதாக வரும் ஆசிரியர்களிடம் முதலில் சொல்வேன். முழுதாக ஓடவிட்டு, முடிந்தபின் "என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டால், "கடவுளை நம்பணும்" என்ற தயார் பதில்தான் வரும். சவுல் கொடுத்த கவசத்தை தாவீது கழற்றும் இடத்தில் நிறுத்தி, 'ஏன் கழற்றினான்?' என்று கேளுங்கள். 'வெயிட்டா இருந்துச்சு' என்று ஒருவன், 'அவனுக்குப் பழக்கமில்லை' என்று இன்னொருத்தி, 'ராஜா தந்ததை வேண்டாம்னு சொல்லலாமா?' என்று மூன்றாவது குரல். கோலியாத் விழும் காட்சிக்கு வந்து சேராமலே வகுப்பு முடிந்த நாளும் உண்டு.

யோனா கதைக்கு முடிவை நான் திரையில் காட்டுவதே இல்லை. பல வீடியோக்கள், யோனா எச்சரிக்கப் போன நினிவே நகரம் மனந்திரும்பியதும் பாட்டுப் போட்டு முடித்துவிடுகின்றன. நாலாம் அதிகாரம் எங்கே? யோனா கோபித்துக்கொள்வதும், தனக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடி காய்ந்ததற்கு எரிச்சல்படுவதும், ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல் இருக்கிற, மிருகங்களும் திரளாக இருக்கிற நகரத்துக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்று தேவன் கேட்பதும்தானே அந்தப் புஸ்தகத்தின் உயிர்? வீடியோவை நிறுத்தியபின் அதை வாயால் சொல்கிறேன்.

பாலர் வகுப்பில் வீடியோவை அறவே விட்டுவிட்டோம். ஜலப்பிரளயம், சிலுவைக் காட்சிகள் அந்த வயதுக்குப் பயம் காட்டுபவை. 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அந்த ஒரு மணி நேரத்தை வீட்டுப் போனே தின்றுவிடுகிறது. செய்கைப் பாட்டும் ஃபிளாஷ் கார்டும் அவர்களுக்குப் போதும்.

தொழில்நுட்பம் பற்றிச் சுருக்கமாக. படத்தைவிட ஒலிக்குச் செலவு செய்யுங்கள், புரொஜெக்டரோடு வரும் ஸ்பீக்கர் பிள்ளைகள் போடும் சத்தத்துக்குப் பத்தாது. யூடியூபிலிருந்து நேராக ஓட்டினால் விளம்பரம் குறுக்கே வரும். தவிர, கூட்டமாகத் திரையிடுவதை அதன் விதிமுறைகள் அனுமதிப்பதில்லை, சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். சபைகளில் காட்ட அனுமதி தந்து டவுன்லோடு செய்யவிடும் ஊழியங்கள் இருக்கின்றன, அவர்கள் உரிம நிபந்தனையை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

எனக்கு உள்ளூர உறுத்துவது வேறு. வீடியோ வந்தபின் சில ஆசிரியர்கள் பாடத்துக்குத் தயாராவதை விட்டுவிட்டார்கள். சனிக்கிழமை ராத்திரி வேத பகுதியை வாசிப்பதற்குப் பதில் லிங்க் தேடுகிறார்கள். கதை சொல்லும் ஆசிரியரின் கண்ணைப் பார்த்துப் பிள்ளை கேட்கும் சந்தேகத்தைத் திரையிடம் கேட்க முடியாதே. அதனால் எங்களிடம் ஒரு ஏற்பாடு: அந்தக் கதையை வீடியோ இல்லாமல் சொல்லத் தெரிந்தவர்தான் வீடியோ போடலாம். கரண்ட் போனாலும் கவலையில்லை என்பது உபரி லாபம்.

யாராவது வருஷச் சந்தா கட்டி ஒரு வீடியோ பாடத்திட்டம் வாங்க நினைத்தால், முதலில் மாதிரிக்கு மூன்று பாடங்களைப் பாருங்கள்: தானியேல், யோனா, சாஸ்திரிகள். தயாரித்தவர்கள் வசனத்தை வாசித்துவிட்டு வரைந்தார்களா, பழைய படங்களைப் பார்த்து வரைந்தார்களா என்பது அந்த மூன்றிலேயே தெரிந்துவிடும்.