தருமபுரியில் விற்கிறார்கள், ‘பாலைவனச் சோலையில் சைக்கிள் பயணம்’: பணம் கட்டுமுன் படியுங்கள்

எகிப்தில், லிபிய எல்லையை ஒட்டி சீவா என்ற பாலைவனச் சோலை இருக்கிறது. அதை சைக்கிளில் சுற்றிக் காட்டுவதாகத் தருமபுரியில் ஒரு பயண முகவர் சொன்னதை நம்பி, நானும் மைத்துனரும் விமான டிக்கெட் போக ஆளுக்கு 38,000 ரூபாய் கட்டினோம். கியர் சைக்கிள், தலைக்கவசம், வழிகாட்டி, இரண்டாம் நாள் மணற்குன்றுகளில் சவாரி என்று பட்டியல் நீண்டது. “கெய்ரோவுக்குப் பக்கம்தான் அண்ணா, கண்ணை மூடிக்கொண்டு போய் வாருங்கள்” என்றார்.

அந்தப் பக்கத்தின் லட்சணம் இது: கெய்ரோவிலிருந்து கடலோரத்து மெர்சா மத்ரூவுக்கு ஒரு நெடும் பயணம். அங்கிருந்து பாலைவனத்துக்குள் இன்னும் சுமார் 300 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து சென்னைக்குப் போகிற தூரம்.

இறங்கினால் வழிகாட்டியைக் காணோம். ஓர் ஆள் வந்து இரண்டு சைக்கிள்களைத் தள்ளிவிட்டுப் போனான். என்னுடையதன் சீட் கிழிந்து, மேலே பிளாஸ்டிக் பை சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது. பிரேக் கட்டையில் ரப்பரே இல்லை. சங்கிலியெல்லாம் துரு. சீவா சமதரையாக இருந்ததால் பிழைத்தேன். தொப்பூர் இறக்கமாக இருந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

கடைவீதியில் விசாரித்தபோதுதான் வயிறு எரிந்தது. அதே சைக்கிள்களை யார் போய்க் கேட்டாலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு நாள் வாடகைக்குத் தருகிறார்கள். மணற்குன்று என்றதும் கடைக்காரர் சிரித்துவிட்டு, நின்றிருந்த ஜீப்பைக் காட்டினார். அந்த மணலில் சைக்கிள் சக்கரம் பத்தடி உருளாது. எங்கள் ரசீதிலோ ‘சோலை நுழைவுக் கட்டணம்’ என்று தனியாக 4,000 ரூபாய். சீவா மக்கள் குடியிருக்கிற ஊர். நான்கு ரோட்டில் நின்றுகொண்டு தருமபுரிக்குள் நுழைய டிக்கெட் கேட்பது போன்ற கதை இது.

ஊரைக் குறை சொல்ல மாட்டேன். உப்பும் மண்ணும் குழைத்துக் கட்டி, 1926 மழையில் கரைந்துபோன ஷாலி கோட்டை, கி.மு. 331-இல் அலெக்சாந்தர் குறி கேட்க வந்த கோயில், பேரீச்சந்தோப்புக்கு நடுவே ஊற்றுகள், எல்லாவற்றையும் அந்த ஓட்டைச் சைக்கிளிலேயே பார்த்தோம்.

திரும்பி வந்து கேட்டால், “அது அந்த ஊர்க்காரர்கள் பொறுப்பு” என்கிறார். தலைக்கவசம்? “அந்த வெயிலுக்குத் தொப்பிதான் அண்ணா நல்லது.” பிறகு பேச்சுவாக்கில் ஒப்புக்கொண்டார், அவர் சீவாவைப் பார்த்ததே இல்லையாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். இவரிடம் பணம் கட்டி ஏமாந்தவர்கள் ரசீதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். என் மனுவோடு ரசீதும் இருக்கிறது, சீட்டின் புகைப்படமும் இருக்கிறது, பிளாஸ்டிக் பை நன்றாகத் தெரிகிற மாதிரி.