சிறிய அறைக்கு எந்தச் சுவர்த்தாள்? கடற்கரை வீடுகளுக்கான ஓர் ஒப்பீடு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டின் படிப்பறை எட்டடிக்குப் பத்தடி. இவ்வளவு சிறிய அறைக்குச் சுவர்த்தாள் ஒட்டுவது அரைநாள் வேலை என்றே நினைத்திருந்தேன். ஆனால் கூடத்துக்கு இருப்பதைப் போலவே இதற்கும் நான்கு மூலைகளும் கதவும் சன்னலும் அலமாரியும் சுவிட்ச் பெட்டிகளும் இருக்கின்றன. பரப்பு குறைகிறதே தவிர, வெட்டிப் பொருத்த வேண்டிய விளிம்புகள் குறைவதில்லை. கூலியும் அதனால்தான் சதுர அடிக் கணக்கில் இறங்குவதில்லை.

கடைகளில் பெரும்பாலும் மூன்று வகைகள் கிடைக்கின்றன: பின்புறம் பசையுடன் வரும் ஸ்டிக்கர் சுருள், முகப்பில் பிளாஸ்டிக் பூச்சுள்ள வினைல் தாள், நாரிழைகளை அழுத்திச் செய்த நான்-வோவன் தாள். வெறும் காகிதத் தாளை நம் கடற்கரைக் காற்றுக்குப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

ஸ்டிக்கர் மலிவானது, ஆள் வைக்காமல் நாமே ஒட்டிவிடலாம். உரித்தாலும் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, படிப்பறையின் மேற்குப் பக்க வெளிச்சுவரில் அதைத்தான் முதலில் ஒட்டினேன். இரண்டாவது மழைக்காலம் முடிந்து உரித்தபோது, பெயிண்டும் அதன் அடியிலிருந்த பட்டிப் பூச்சும் அப்பளம்போல் பெயர்ந்து கையோடு வந்தன. ஸ்டிக்கரின் பின்புறம் கரும்புள்ளிகளாகப் பூஞ்சையும், சுவரில் வெண்பொடியாக உப்பும் இருந்தன. வெளியிலிருந்து சுவரில் ஊறிய ஈரம், உள்பக்கமாக உலர வழியில்லாமல் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் தங்கியதே காரணம். ஸ்டிக்கருக்கு உகந்த இடம் பீரோவும் அலமாரிக் கதவும்தான் என்பது இப்போது என் கருத்து.

வினைலுக்கும் நான்-வோவனுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. குழந்தைகள் கிரேயானால் கிறுக்கும் சுவரையும், சாப்பாட்டு மேசையை ஒட்டிய சுவரையும் ஈரத்துணியால் துடைக்க முடிவது வினைலின் பெரிய வசதி; இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள, ஓதம் ஏறாத உட்சுவராக இருந்தால் நான் வினைலையே தேர்ந்தெடுப்பேன். வெளிச்சுவரில் அது ஸ்டிக்கர் செய்ததையே செய்யும். அங்கே பிளாஸ்டிக் முகப்பில்லாத நான்-வோவன் ஈரத்தை ஓரளவு வெளியேற விடுவதால் மேலானது. நான்-வோவன் என்ற பெயரில் விற்கும் பலவற்றின் முகப்பும் வினைல்தான் என்பதால், மாதிரித் துண்டின் முனையைக் கிழித்துப் பார்த்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தோல் தனியாகப் பிரிகிறதா என்று கவனிக்க வேண்டும்.

ஒட்டும் முறையிலும் சிறிய அறை நான்-வோவனுக்கே சாதகம். காகித அடிப்புறம் கொண்ட வினைலை மேசையில் விரித்து, பின்புறம் பசை தடவி, மடித்துச் சில நிமிடங்கள் ஊறவிட வேண்டும்; ஊறாத தாள் சுவரில் ஏறிய பிறகு விரிந்து குமிழியிடும். எட்டடி அறையில் அந்த மேசையைப் போட்டால் ஏணிக்கு இடமில்லை. நான்-வோவன் பசையில் ஊறி விரிவதில்லை. ஆகவே பசையைச் சுவரில் தடவித் தாளை நேராக மேலிருந்து இறக்கிவிடலாம். எதை ஒட்டினாலும் வீட்டில் காய்ச்சிய மைதாப் பசை வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. பசை காயும்வரை மின்விசிறியையும் நிறுத்திவைக்க வேண்டும், இல்லையெனில் ஓரங்கள் முதலில் காய்ந்து எழும்பிக்கொள்ளும்.

சுவர் உயரமான புதுச்சேரிப் பழைய வீடுகளில் கணக்கு வேறு. வழக்கமான சுருளின் அகலம் 53 சென்டிமீட்டர், நீளம் 10 மீட்டர். பத்தடி உயரச் சுவருக்கு ஒரு சுருளில் மூன்று பட்டைகள் கிடைக்கும். பதினோரு அடியானால் மேலும் கீழும் வெட்டும் மிச்சத்தையும் சேர்த்து இரண்டுதான் தேறும், மூன்றாவது வீணாகும். அந்த வீடுகளின் சுண்ணாம்புச் சாந்துச் சுவர் மூச்சுவிட வேண்டிய சுவர் என்பதால், தாளைவிடச் சுண்ணாம்பு அடிப்பதே பொருத்தம். இந்த இடத்தில் எல்லாத் தாளும் தோற்கிறது.

வாங்குவதற்கு முன் ஓர் இரவுச் சோதனை போதும். இரண்டடிச் சதுரப் பாலிதீன் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் சுவரில் ஒட்டிவைத்து, காலையில் பார்க்க வேண்டும். சுவரைப் பார்த்த பக்கம் நீர் முத்துகள் இருந்தால் ஈரம் சுவரில் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கம் இருந்தால் காற்றில் இருக்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி நனைந்த சுவர் தைக்குள் உலர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே கூடாது. மாசிக்குப் பின் சோதித்து, பங்குனியில் ஒட்டலாம். எங்கள் படிப்பறையின் மேற்குச் சுவர் இப்போது வெறும் பெயிண்டோடு நிற்கிறது; எதிரிலுள்ள உட்சுவர் ஒன்றில் மட்டும், பசை தடவும் மேசைக்கு இடமில்லாததால் வினைலுக்குப் பதில் நான்-வோவன், இரண்டு சுருள்.