நாலு போர்ஷன் வாடகை வீடு ஏஜென்ட் கையில் இருக்கிறதா? ‘காலி’ என்று வரும் கணக்கை ஒருமுறை சரிபாருங்கள்

இரண்டு முதல் ஐந்தாறு போர்ஷன் வரை உள்ள வாடகை வீட்டை ஏஜென்டிடம் ஒப்படைத்துவிட்டு வேறு ஊரில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் நாலு போர்ஷன் வீட்டை அப்படித்தான் விட்டிருந்தோம். குடி வைப்பது, வாடகை வசூலிப்பது, ரிப்பேர் பார்ப்பது எல்லாமே அவர் பொறுப்பு. மாதாமாதம் ஒரு கணக்குத்தாள் வரும், செலவு போக மீதிப் பணம் வங்கிக்கு வரும். அந்தக் கணக்குத்தாளை வைத்தே எங்களை ஏமாற்றினார்கள். விவகாரம் இன்னும் முடியாததால் பெயர் எதையும் எழுதவில்லை. ஏமாற்றிய முறை தெரிந்தால் உங்கள் கணக்கிலும் அது நடக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் மாடி போர்ஷன். அங்கே இருந்த குடும்பம் காலி செய்துகொண்டு போனது. அதற்குப் பிறகு வந்த கணக்கில் எல்லாம் அந்த வரிசையில் ‘காலி’ என்றே இருந்தது. கேட்டால், “ஆள் பார்த்துட்டே இருக்கோம் சார், வாடகையைக் கொஞ்சம் குறைச்சா உடனே போயிடும்” என்பார். சரி, குறைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னோம். அப்போதும் காலிதான்.

விஷயம் வெளிவந்தது மின்கட்டணத்தால். எங்கள் வீட்டில் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர். ஆள் இருக்கும்போது பில்லை அவர்கள் கட்டுவார்கள், காலியாக இருந்தால் நிலைக்கட்டணத்தை நாங்கள் கட்ட வேண்டும். ஆனால் கணக்கில் மாடி மீட்டருக்கு ஒரு பில்கூட வரவில்லை. ஏதாவது பாக்கி நின்று இணைப்பைத் துண்டித்துவிடப் போகிறார்களே என்றுதான் அந்த இணைப்பின் விவரத்தை எடுத்துப் பார்த்தோம். பாக்கி எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் யூனிட் ஏறியிருக்கிறது, ஒரு குடும்பம் முழுதாகப் புழங்கும் அளவுக்கு. பணமும் தவறாமல் கட்டப்பட்டிருக்கிறது.

நேரில் போய்க் கதவைத் தட்டினோம். ஒரு அம்மா திறந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் பதறிப்போய், “நாங்க வந்ததுலேருந்து மாசம் தவறாம வாடகை குடுத்துட்டுத்தான் இருக்கோம்” என்று உள்ளே போய் ரசீதுகளை எடுத்துவந்தார். எல்லாவற்றிலும் ஏஜென்டின் கையெழுத்து. அதுவும் பழைய முழு வாடகை. நாங்கள் குறைக்கச் சொன்ன தொகைகூட அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அந்த அம்மா பயந்தது எனக்கு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஒழுங்காக வாடகை கொடுத்தவர், தன்னை வெளியேற்றிவிடுவார்களோ என்று நடுங்கிப்போனார்.

நாலு போர்ஷன் வீட்டில் ஒன்று காலியாக இருந்தால் வருமானத்தில் 25 சதவீதம் போய்விடும். ஆனால் செலவு 25 சதவீதம் குறையாது. சொத்து வரி, காப்பீடு, பொது விளக்கு, மோட்டார், கடன் தவணை எல்லாம் அப்படியே இருக்கும். செலவும் தவணையும் சேர்ந்து முழு வாடகையில் முக்கால் பங்கு என்றால், ஒரு போர்ஷன் காலியான மாதத்தில் உரிமையாளர் கைக்கு ஒன்றும் வராது. அந்தக் காலத்தில் நாங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துப் போட்டுத் தவணை கட்டியிருக்கிறோம். அதே மாதங்களில் மாடி வாடகை ஏஜென்டின் பைக்குள் போயிருக்கிறது.

இயல்பான காலி எவ்வளவு என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலு போர்ஷனுக்கு வருடத்தில் 48 வாடகை மாதங்கள். அதில் இரண்டு மாதம் காலி என்றால் சுமார் 4 சதவீதம், வெள்ளையடித்து அடுத்த ஆளை வைக்க ஆகும் நேரம் அது. அக்கம்பக்கத்தில் வீடுகள் நிரம்பும்போது உங்களுடையது மட்டும் மாதக்கணக்கில் காலியாகவே இருந்தால், விசாரணையை மீட்டரிலிருந்து தொடங்குங்கள். தண்ணீருக்கும் தனி மீட்டர் இருந்தால் அதையும் பாருங்கள். மனிதர் இருக்கும் வீட்டில் இரண்டும் ஓடாமல் இருக்காது.

மாடி விஷயம் தெரிந்த பிறகு பழைய பில்களை எல்லாம் எடுத்து உட்கார்ந்தோம். எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழான ரிப்பேரை எங்களைக் கேட்காமலே செய்யலாம். இது நியாயமான ஏற்பாடுதான், குழாய் உடைந்தால் உரிமையாளரின் போனுக்காகக் காத்திருக்க முடியாது. ஆனால் எங்களுக்கு வந்த பில்களில் பெரும்பாலானவை அந்த வரம்பைத் தொட்டும் தொடாமலும் நின்றன. ஒரே குளியலறை வேலை, குழாய் மாற்றியது, தளம் உடைத்தது, மறுபடி டைல்ஸ் ஒட்டியது என்று அடுத்தடுத்த தேதிகளில் மூன்று பில்லாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றாக வந்தபோது எதுவும் தெரியவில்லை, வரிசையாக வைத்ததும் கண்ணில் பட்டுவிட்டது.

மொட்டை மாடியில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்ததாக ஒரு பெரிய பில். அதற்கு எங்கள் அனுமதி தேவை என்பதால் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ அனுப்பியிருந்தார்கள். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டி கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு மூலையில் இருக்கிறது. எங்கள் தொட்டி மாடிப்படி அறையின் மேல் இருக்கிறது. வேறு யாருடைய மாடியையோ எடுத்து அனுப்பிவிட்டு எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். எங்கள் மாடியில் ஏறிப் பார்த்தபோது பழைய வெடிப்புகளில் பாசி அப்படியே இருந்தது.

இன்னொன்று, பொதுத் தண்ணீர்க் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. அதற்காகப் பிளம்பர் திரும்பத் திரும்ப வந்து ‘வால்வு சரிசெய்தது’ என்று பில் போட்டார். கட்டணம் மட்டும் இறங்கவில்லை. கழிப்பறை ஃபிளஷ் தொட்டிதான் காரணம். அதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்: தொட்டித் தண்ணீரில் சில சொட்டு உணவுச் சாயம் விட்டு, ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் அடி ரப்பர் கசிகிறது. சத்தம் இல்லாமல் இரவும் பகலும் ஓடும் கசிவு அது. நாங்கள் எல்லா போர்ஷனிலும் சாயம் விட்டுப் பார்த்தோம், இரண்டில் நிறம் இறங்கியது. ரப்பரை மாற்றியதும் கட்டணம் இறங்கிவிட்டது.

அதிக நஷ்டம் கொடுத்தது கீழ் போர்ஷன். அங்கே குளியலறைக் கூரையில் ஓதம் ஏறியிருக்கிறது. குடியிருந்தவர் ஏஜென்டுக்குப் போட்டோவோடு செய்தி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தச் செய்திகளைப் பின்னால் எங்களிடம் காட்டினார், எல்லாவற்றுக்கும் “ஆள் அனுப்புறேன்” என்ற ஒரே பதில். எங்களுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அப்புறம்தான் ‘அவசரம்’ என்று எங்களுக்குப் போன் வந்தது, விலை விசாரிக்கக்கூட நேரமில்லை என்று அன்றைக்கே ஒப்புதல் வாங்கினார்கள்.

காப்பீடு கேட்டோம், மறுத்துவிட்டார்கள். குழாய் திடீரென்று வெடித்துச் சேதமானால் பெரும்பாலான பாலிசிகள் ஏற்கும். நாள்பட்ட கசிவையும் பராமரிக்காமல் விட்ட சேதத்தையும் ஏற்காது. குடியிருந்தவர் அனுப்பிய செய்திகளின் தேதிகளே அது நாள்பட்ட கசிவு என்பதற்குச் சாட்சி. அந்தக் குடும்பமும் வெறுத்துப்போய்க் காலி செய்துவிட்டது. நல்ல மனிதர்கள், பல வருடம் இருந்தவர்கள். புது ஆளை வைத்ததற்கு ஏஜென்ட் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக எடுத்துக்கொண்டார்.

இந்தக் கமிஷன் விஷயத்தை எல்லா உரிமையாளர்களும் யோசிக்க வேண்டும். கமிஷன் ஒரு மாதம், இடையில் காலி ஒரு மாதம் என்றால், அந்த போர்ஷனின் வருட வாடகையில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. ஆள் மாறும்போதெல்லாம் உங்களுக்கு நஷ்டம், அவருக்கு வருமானம். இருக்கிற ஆளைத் தக்கவைக்க அவருக்கு என்ன அக்கறை இருக்கும்? புது ஆள் ஒரு வருடத்துக்குள் போய்விட்டால் கமிஷன் கிடையாது, அல்லது பாதிதான் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஏஜென்டின் மாதக் கட்டணமும் வசூலான வாடகையில் சதவீதமாக இருக்கட்டும். ‘வரவேண்டிய வாடகையில்’ என்று எழுதியிருந்தால், காலி வீட்டுக்கும் நீங்கள் கட்டணம் கொடுப்பீர்கள்.

பாலிசி பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குடியிருப்பதாக எடுத்த பாலிசியை, வாடகைக்கு விட்ட பிறகும் அப்படியே தொடராதீர்கள், சேதம் வரும்போது அதையே காரணம் காட்டுவார்கள். கட்டடம் தொடர்ந்து 30 அல்லது 60 நாள் ஆளில்லாமல் இருந்தால் சில சேதங்களுக்குப் பணம் கிடையாது என்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் உண்டு. காப்பீட்டுத் தொகை, கட்டடத்தை மறுபடி கட்ட ஆகும் செலவுக்குச் சமமாக இருக்கட்டும். பாதித் தொகைக்கு எடுத்திருந்தால், சின்னச் சேதத்துக்கும் பாதிதான் கொடுப்பார்கள் என்ற விகித விதி பல இடங்களில் இருக்கிறது.

‘அவசரம்’ என்ற சொல்லுக்கு உரிமையாளர் மடங்குவது பெரும்பாலும் கையில் தனியாகப் பணம் இல்லாததால்தான். ஆகவே தண்ணீர் மோட்டார், வாட்டர் ஹீட்டர், மாடிப் பூச்சு, வெளிப்புறப் பெயிண்ட் என்று ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் மாற்ற ஆகும் செலவை அது இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்பதால் வகுத்து, 12-ஆலும் வகுத்துக்கொள்ளுங்கள். வரும் தொகைகளைக் கூட்டினால், வாடகையிலிருந்து மாதாமாதம் தனிக் கணக்கில் ஒதுக்க வேண்டியது தெரியும். பழைய கட்டடங்களில் கடன் தவணை நீங்கலான செலவே வாடகையில் பாதியை நெருங்கும் என்று முதலீட்டாளர்கள் ஒரு உத்தேசக் கணக்கு வைத்திருக்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் பொருந்தாது, ஆனால் வாடகை முழுவதும் லாபம் என்று நினைப்பதைவிட உண்மைக்குப் பக்கம். ஒதுக்கீடு இருந்தால், இன்னொரு ஆளிடமும் விலை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஏஜென்ட் அட்வான்ஸ் தொகையிலும் கைவைத்திருந்தார். குடியிருப்பவர்கள் கொடுத்த அட்வான்ஸை எங்களுக்கு அனுப்பாமல் தன் கணக்கிலேயே வைத்திருந்தார். கீழ் போர்ஷன் குடும்பம் காலி செய்தபோது “அடுத்த வாரம்” என்று இழுத்தடித்தார். அவர்கள் எங்களைத்தான் கேட்டார்கள், கேட்டது நியாயமும்கூட. அது அவர்கள் பணம், வீடு எங்களுடையது. கையிலிருந்து கொடுத்து அனுப்பினோம்.

விலக நினைத்தபோது ஒப்பந்தம் தடுத்தது. 90 நாள் முன்னறிவிப்பு, தவறினால் தானாக ஒரு வருடம் நீட்டிப்பு என்று சின்ன எழுத்தில் இருந்தது. வக்கீல் மூலம் மோசடியைக் காரணம் காட்டி நோட்டீஸ் அனுப்பியே வெளியே வந்தோம். பறிபோன வாடகையையும் அட்வான்ஸையும் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறோம், இதுவரை எதுவும் கைக்கு வரவில்லை.

இதே நிலையில் இருப்பவர்கள் ஏஜென்டிடம் சண்டைக்குப் போகும் முன் குடியிருப்பவர்களைப் பாருங்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து இருக்கிறார்கள், என்ன ரிப்பேர் நிலுவை என்று ஒவ்வொருவரிடமும் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். ரசீதுகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இனி வாடகை எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். கோபத்தில் முதலிலேயே ஏஜென்டுக்குப் போன் செய்தால் ரசீது புத்தகமும் பழைய ஒப்பந்தங்களும் காணாமல் போய்விடும். அவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்திருந்தால் அதை எழுத்து மூலம் ரத்து செய்து, குடியிருப்பவர்களுக்கும் ஒரு நகல் கொடுங்கள். மூல ஒப்பந்தங்கள், சாவிகள், மீட்டர் எண்கள், வேலைக்கு வந்த பிளம்பர், எலக்ட்ரீஷியன் விவரம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டே பொறுப்பை மாற்றுங்கள். எங்களுக்கு மாடிச் சாவியில் ஒன்று குறைந்தது. அன்றைக்கே எல்லா போர்ஷனுக்கும் பூட்டை மாற்றினோம்.