மார்ட்டினா, லெமனா? பேஸ்பால் மேனேஜரால் எத்தனை வெற்றி கூடும்

1978-ல் நியூயார்க் யாங்கீஸ் அணி மேனேஜர் பில்லி மார்ட்டினின் கீழ் 94 ஆட்டங்கள் ஆடி 52-ல் ஜெயித்தது. ஜூலை 24 அன்று அவர் கண்ணீரோடு ராஜினாமா செய்தார். ஒரே ஒரு ஆட்டத்துக்கு டிக் ஹவுசர் பொறுப்பில் நின்றார், அதில் தோல்வி. அடுத்த நாள் பாப் லெமன் வந்தார். மிச்சமிருந்த 68 ஆட்டங்களில் 48 வெற்றி. பாஸ்டன் ரெட் சாக்ஸைவிட 14 ஆட்டம் பின்தங்கிக் கிடந்த அணி அந்த வருஷம் வேர்ல்ட் சீரிஸ் என்ற சாம்பியன் கோப்பையைத் தூக்கியது.

மேனேஜரின் பாணியால் அணியின் ஆட்டம் எவ்வளவு மாறும் என்ற விவாதத்தில் இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம். ஆட்கள் அதே ஆட்கள், மைதானம் அதே மைதானம், எதிரணிகளும் அதேதான். மாறியது டகவுட்டில், அதாவது மைதான ஓரத்தில் அணி உட்காரும் இடத்தில், நின்றவர் மட்டும். மார்ட்டினின் வேகத்திலேயே லெமனின் 68 ஆட்டங்களும் போயிருந்தால் 38 வெற்றிக்குப் பக்கத்தில் நின்றிருக்கும். கிடைத்தது பத்து கூடுதல். அந்தப் பத்தையும் லெமன் கணக்கில் எழுதலாமா என்பதுதான் கேள்வி.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஃபீல்டிங்கை மாற்றுவதும் பந்துவீச்சாளரை மாற்றுவதும் மைதானத்தில் நிற்கும் கேப்டன். பேஸ்பாலில் அந்த வேலை முழுக்க மேனேஜருடையது. யார் எந்த வரிசையில் அடிப்பது, பந்துவீசும் பிட்ச்சரை எப்போது எடுப்பது, யார் ஓடுவது, யார் பண்ட் அடிப்பது (பந்தை வீசி அடிக்காமல் மட்டையால் மெல்லத் தட்டிவிடுவது), எல்லாம் அவர் கையசைவில் நடக்கும். அதுவும் 162 ஆட்டங்களுக்கு, ஏறக்குறைய தினமும்.

மார்ட்டின் விரட்டுகிற ரகம். எதிரணியை விரட்டுவார், நடுவரை விரட்டுவார், தன் ஆட்களையும் விரட்டுவார். 1977 ஜூனில் பாஸ்டனில் நடந்த ஆட்டத்தில் தன் அணியின் ரெஜி ஜாக்சன் ஒரு பந்தை மெத்தனமாகத் துரத்தினார் என்று இன்னிங்ஸின் நடுவிலேயே அவரை வெளியே அழைத்தார். நாடே டிவியில் பார்த்துக்கொண்டிருக்க, டகவுட்டில் இருவருக்கும் கைகலப்பு ஆகாத குறை. ஆனால் அதே 1977-ல் அதே மார்ட்டின் கோப்பையை வென்றார், கடைசி ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி எல்லைக்கு வெளியே போகும் அடி) அடித்தவர் அதே ரெஜி. ஆகவே ‘சண்டை இருந்தால் ஜெயிக்க முடியாது’ என்ற பேச்சு இங்கே எடுபடாது.

1978 ஜூலை 17-ஐக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். கன்சாஸ் சிட்டியுடன் ஆட்டம் சமநிலையில், வழக்கமான ஒன்பதைத் தாண்டி 10-வது இன்னிங்ஸுக்குப் போயிருந்தது. யாங்கீஸின் தர்மன் மன்சன் முதல் பேஸில் (நான்கு பேஸையும் சுற்றி வந்தால்தான் ஒரு ரன்). அடிக்க வந்தவர் ரெஜி, அணியின் பெரிய ஹோம் ரன் ஆள். மார்ட்டின் பண்ட் சைகை கொடுத்தார். முதல் பந்துக்குப் பிறகு எதிரணியின் இன்ஃபீல்டர்கள், அதாவது பேஸ்களுக்குப் பக்கத்தில் நிற்கும் ஃபீல்டர்கள், முன்னால் ஏறி வந்ததும், பண்ட் வேண்டாம், வீசி அடி என்று மாற்றினார். மூன்றாவது பேஸ் அருகே கோச்சாக நின்ற ஹவுசர் நடந்தே போய் அதை ரெஜியிடம் நேரில் சொன்னார். ரெஜி கேட்கவில்லை, பண்ட் முயற்சியிலேயே அவுட் ஆனார். ஆட்டமும் கைவிட்டுப் போனது. ரெஜிக்குத் தடை விதிக்கப்பட்டது. சில நாள் கழித்து, ரெஜியையும் முதலாளி ஜார்ஜ் ஸ்டெய்ன்பிரென்னரையும் பற்றி சிகாகோ விமான நிலையத்தில் நிருபர்களிடம் மார்ட்டின் வாயை விட்டார். மறுநாள் ராஜினாமா.

சரி, லெமன் என்ன செய்தார்? பெரிதாக எதுவும் செய்யவில்லை, அதுதான் அவர் பாணி. பிட்ச்சராக 207 வெற்றி பெற்று (பேஸ்பாலில் வெற்றி தோல்வியைப் பிட்ச்சர் பெயரிலும் எழுதுவார்கள்) ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலுக்குப் போனவர், யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லாத மனிதர். போன வருஷம் எப்படி ஆடி ஜெயித்தீர்களோ அப்படியே ஆடுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அடிக்கும் வரிசையைத் தினம் கலைக்கவில்லை. யாரைப் பற்றியும் நிருபர்களிடம் பேசவில்லை. செப்டம்பரில் பாஸ்டனுக்கே போய் நான்கு ஆட்டத்தையும் யாங்கீஸ் அள்ளியது: 15-3, 13-2, 7-0, 7-4.

இனி கழித்தல் கணக்கு. இதைச் செய்யாமல் லெமனைத் தூக்கிவைத்துப் பேசுவது நியாயம் ஆகாது.

முதலில், பின்தங்கியிருந்த 14 ஆட்டங்களும் லெமன் மீட்டவை இல்லை. மார்ட்டினின் கடைசி ஐந்து ஆட்டங்களும் வெற்றி, அதுவும் ரெஜி ஆடாமல். லெமன் வந்தபோது இடைவெளி பத்துக்குப் பக்கம் சுருங்கியிருந்தது. அப்புறம், தோள்வலியால் ஏறக்குறைய முடிந்துபோனவராக இருந்த பிட்ச்சர் கேட்ஃபிஷ் ஹன்ட்டருக்கு மயக்க மருந்து கொடுத்து மருத்துவர்கள் தோளைத் திருப்பிச் சரிசெய்தார்கள். ஆகஸ்டில் அவர் ஆறு வெற்றி, தோல்வியே இல்லை. இதில் எந்த மேனேஜருக்கும் பங்கில்லை. முதல் பாதியில் காயம்பட்டிருந்த யாங்கீஸ் ஆட்டக்காரர்கள் ராண்டால்ஃப், டென்ட், ரிவர்ஸ் மூவரும் திரும்பினார்கள். பாஸ்டனில் ரிக் பர்ல்சன் காயத்தில் விழுந்தார். யாங்கீஸ் பிட்ச்சர் ரான் கிட்ரி அந்த சீசன் முழுக்கவே எதிரணிகளைக் கட்டிப்போட்டார்: 25 வெற்றி, 3 தோல்வி. ஆகஸ்ட் 10 அன்று நியூயார்க் நாளிதழ்களில் வேலைநிறுத்தம் வேறு தொடங்கியது. யார் யாரைத் திட்டினார்கள் என்று தினமும் எழுதக் காத்திருந்த நிருபர்களில் பெரும்பகுதி காணாமல் போனார்கள். அணியின் அமைதிக்கு லெமன் பாதிக் காரணம் என்றால் அந்த வேலைநிறுத்தம் கால் காரணமாவது இருக்கும்.

பாஸ்டனும் நியூயார்க்கும் 99 வெற்றியில் சமமாக நின்றதால் அக்டோபர் 2 அன்று கூடுதலாக ஒற்றை ஆட்டம் வைத்தார்கள் (லெமனின் 68 ஆட்டம், 48 வெற்றியில் இதுவும் சேர்த்தி). ஏழாவது இன்னிங்ஸில் பக்கி டென்ட் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னை பாஸ்டன்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. அந்த சீசன் முழுவதும் அவர் அடித்தது அதையும் சேர்த்து ஐந்துதான். வழக்கமான நாளாக இருந்தால் அந்த நேரத்தில் டென்ட்டுக்குப் பதில் வேறு ஒருவரை அடிக்க அனுப்பியிருப்பார்கள். ராண்டால்ஃப் மறுபடி காயத்தில் இருந்தார், அவர் இடத்தில் ஆடிய பிரையன் டாயிலுக்கு அப்போதுதான் மாற்று ஆளை இறக்கியிருந்தார்கள். டென்ட்டையும் எடுத்தால் இன்ஃபீல்டுக்கு ஆள் இல்லை. சீசனையே தீர்மானித்த அந்த அடி, மேனேஜருக்கு வேறு வழியில்லாத இடத்தில் பிறந்தது.

லெமனைப் பற்றி இன்னொரு தகவல், என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் கனமானது. அதே 1978-ல் ஜூன் 30 வரை அவர் சிகாகோ வைட் சாக்ஸின் மேனேஜர். அங்கே 34 வெற்றி, 40 தோல்வி, வேலை போனது. ஒரே வருஷம், ஒரே மனிதர், ஒரே நிதானம். சிகாகோவில் அது மந்தமாகத் தெரிந்தது, நியூயார்க்கில் மருந்தாக ஆனது. அடுத்த வருஷம் கதை தலைகீழாகத் திரும்பியது. 1978 கோப்பைக்குச் சில நாட்களில் லெமனின் மகன் கார் விபத்தில் இறந்தார். 1979-ல் அவர் பழைய மனிதராக இல்லை. முக்கியமான ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் இறங்கி வீசும் மாற்று பிட்ச்சர்) கூஸ் காஸேஜ் உடைமாற்றும் அறையில் நடந்த தள்ளுமுள்ளில் கட்டைவிரலை முறித்துக்கொண்டார். 34 வெற்றி, 31 தோல்வி என்று நின்றபோது லெமனை எடுத்துவிட்டு மறுபடி மார்ட்டினையே கூப்பிட்டார்கள். அவர் கீழ் 55-40. இந்த முறை விரட்டுகிறவர் கைதான் ஓங்கியது.

இரண்டு வருஷத்தையும் சேர்த்தால் யாங்கீஸில் லெமன் 82-51, மார்ட்டின் 107-82. முழு சீசனுக்குப் பெருக்கினால் வித்தியாசம் எட்டு வெற்றி. மேலே சொன்ன கழிவுகளைப் போட்டுப் பார்த்தால், அந்த அணிக்கு லெமனின் பாணி வருஷத்துக்கு மூன்று நான்கு வெற்றிக்கு மேல் தந்திருக்காது என்பது என் மதிப்பீடு. அது அற்பம் இல்லை. 1978-ல் கோப்பைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு ஆட்டம்.

மார்ட்டினை இந்த ஒரு அணியை வைத்து எடைபோட்டால் அவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். மினசோட்டா 1968-ல் 79 வெற்றி, 1969-ல் அவர் வந்ததும் 97. டெட்ராய்ட் 79-லிருந்து 91. டெக்சஸ் 57-லிருந்து 84. போன இடமெல்லாம் முதல் முழு வருஷமே ஏற்றம். இதிலும் கழிவுகள் உண்டு: 1969-ல் மினசோட்டா ஆடிய அமெரிக்கன் லீகில் புதிதாக இரண்டு பலவீனமான அணிகள் சேர்ந்தன, டெக்சஸுக்கு 1974-ல் ஃபெர்குசன் ஜென்கின்ஸ் வந்து 25 வெற்றி தந்தார். ஆனால் ஓக்லண்டில் அந்தச் சாக்கு செல்லாது. 1979-ல் 54 வெற்றி, 108 தோல்வி. முதலாளி சார்லி ஃபின்லி புது ஆட்களுக்குப் பணம் செலவழிக்கவில்லை. 1980-ல் ஏறக்குறைய அதே பையன்களை வைத்து மார்ட்டின் 83 ஜெயித்தார். மேட் கியோ என்ற பிட்ச்சர் 1979-ல் 2 வெற்றி, 17 தோல்வி. மறு வருஷம் 16 வெற்றி, 13 தோல்வி. 21 வயது ரிக்கி ஹென்டர்சனைக் கட்டவிழ்த்து ஓடவிட்டார், 100 பேஸ் திருடினான் பையன் (பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதுதான் திருட்டு). ஒரு மேனேஜரால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது 1978 யாங்கீஸை இல்லை, இந்த ஓக்லண்டைத்தான்.

அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த 1980-ல் ஓக்லண்ட் பிட்ச்சர்கள் 94 ஆட்டங்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாங்களே வீசி முடித்தார்கள். ரிக் லாங்ஃபோர்ட் 28, மைக் நோரிஸ் 24, கியோ 20. அன்றைய வழக்கத்துக்கே இது அதிகப்படி. ரிலீவர்கள் மேல் மார்ட்டினுக்கு நம்பிக்கை இல்லை, வீசுகிறவர்கள் இளைஞர்கள், கேட்டால் ‘முடியும்’ என்பார்கள். 1982-ல் அணி 68 வெற்றிக்கு விழுந்தது, மார்ட்டினும் போனார். 22 வெற்றி பெற்ற நோரிஸ் அந்த நிலைக்குத் திரும்பவே இல்லை. அவருடைய சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் ஒரே அணியில் இத்தனை கைகள் ஒரே சமயத்தில் தளர்ந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பையனின் தோள் அவன் வாழ்நாளுக்குமான சொத்து. அதை இரண்டு சீசனில் செலவழிக்கும் உரிமை மேனேஜருக்குக் கிடையாது.

இந்த இருவருக்கும் வெளியே மூன்றாவது ரகம் ஒன்று உண்டு, பால்டிமோரின் ஏர்ல் வீவர். கோபத்தில் மார்ட்டினுக்குச் சளைத்தவர் இல்லை, நடுவர்களோடு அவர் போட்ட சண்டைகள் பிரசித்தம். ஆனால் முடிவெடுக்கும்போது கணக்குப்பிள்ளை. எந்த பேட்டர் எந்த பிட்ச்சரிடம் எப்படி அடித்திருக்கிறார் என்று கம்ப்யூட்டர் காலத்துக்கு முன்பே அட்டைகளில் எழுதிவைத்திருப்பார். பண்ட் அவருக்கு ஆகாது. முதல் பேஸில் ஆள் இருந்து அவுட் எதுவும் விழாத நிலையில் ஒரு அணி அந்த இன்னிங்ஸில் சராசரியாக 0.9 ரன் அளவுக்கு எடுக்கும். பண்ட் அடித்து ஆளை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தி ஒரு அவுட்டைத் தாரைவார்த்தால் அது 0.7-க்கு இறங்கிவிடும். இருக்கும் 27 அவுட்டில் ஒன்றை எதற்கு இனாமாகத் தர வேண்டும் என்பது அவர் வாதம். பின்னால் வந்த கணக்காளர்கள் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள்.

வீவரின் கைவண்ணம் தெரிவது 1982-ல் இடது ஃபீல்டில். ஜான் லோவன்ஸ்டைனும் கேரி ரோனிக்கியும் தனித்தனியாகப் பார்த்தால் நட்சத்திரங்கள் இல்லை. வலதுகை பிட்ச்சர் வந்தால் இவர், இடதுகை வந்தால் அவர் என்று மாற்றி மாற்றி இறக்கினார். இருவரும் சேர்ந்து 45 ஹோம் ரன். இரண்டு சுமாரான ஆட்களிலிருந்து ஒரு நட்சத்திரத்தை உருவாக்கிய இந்த வேலைக்கு அதட்டலும் வேண்டியிருக்கவில்லை, யாருடைய தோளும் தேயவில்லை. மூன்று பாணிகளில் ஒன்றைப் பத்து வருஷத்துக்கு எடுத்துக்கொள் என்றால் யோசிக்காமல் வீவரைத்தான் எடுப்பேன்.

ஆனால் அதே வீவர் ஓய்விலிருந்து திரும்பி வந்து 1986-ல் 73 ஆட்டம்தான் ஜெயித்தார், தோற்றது 89. அட்டைகளும் அப்படியே, மூளையும் அப்படியே, ஆட்கள் மட்டும் பழைய ஆட்கள் இல்லை. மேனேஜர் ஜோ டோரியும் இப்படித்தான். யாங்கீஸுக்கு வருமுன் மூன்று அணிகளில் 894 வெற்றி, 1003 தோல்வி. யாங்கீஸில் நான்கு கோப்பை.

இப்போதெல்லாம் வீவரின் அட்டை வேலையை அலுவலகத்தில் உட்கார்ந்த பகுப்பாய்வுக் குழு செய்கிறது, மேனேஜரின் தனிப்பாணிக்கு இடம் குறைவு. 2020 வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே மேனேஜர் கெவின் கேஷ், 73 பந்து மட்டுமே வீசி 9 பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்கவிடாமலே அவுட்) ஆக்கியிருந்த தன் பிட்ச்சர் பிளேக் ஸ்னெல்லை 1-0 முன்னிலையில் எடுத்தார். பேட்டர்கள் மூன்றாவது முறை சந்திக்கும்போது பிட்ச்சர் அடி வாங்குவார் என்பது கணக்கு. அடுத்து வரவிருந்த, எதிரணியான டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸை அன்று ஸ்னெல் இரண்டு முறை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியிருந்தார். ஸ்னெல் போனதும் பெட்ஸ் டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓட வைக்கும் அடி) அடித்தார், டாட்ஜர்ஸ் 3-1 என்று கோப்பையை எடுத்துக்கொண்டது. மார்ட்டின் அந்த இடத்தில் இருந்திருந்தால் ஸ்னெல்லை ஒன்பது இன்னிங்ஸும் வீசவைத்திருப்பார், அடுத்த வருஷத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார். லெமன் என்றால் பிட்ச்சர் நிற்கும் மேட்டுக்கு நடந்து போய் ‘இன்னும் தெம்பு இருக்கா’ என்று அவனையே கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அன்று இரவு அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருக்க வேண்டும்.